ஆறாம் குவளைத் தவளை

என் பெயரில் ஒரு அறிவியல் கண்டுபிடிப்பு உண்டு. மேடையில் அது மொத்தம் பதினேழு நிமிடம் உயிரோடு இருந்தது. அதற்குள் சங்கரன்கோவில் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கக் கூடத்தில், கூடம் நிறைய மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்க, மாடுகளுக்குச் சினை ஊசி போடும் ஒருவர் எழுந்து நின்று அதன் கதையை முடித்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முடிக்காவிட்டால் அது இன்னும் பெரிதாக வளர்ந்து, வேறு பெரிய ஊரில் என் மானத்தை வாங்கியிருக்கும்.

அப்போது நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, தவளைகளின் நோயெதிர்ப்பு ஏற்பி மரபணுக் குடும்பங்களின் பரிணாமம். (இந்தத் தலைப்பை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் சொந்தக்காரர்கள் பந்தியில் பாயசத்துக்கு வந்திருப்பார்கள்.) விஷயம் அவ்வளவு கஷ்டமில்லை. நம் உடம்புக்குள் காவல்காரச் செல்கள் இருக்கின்றன. வருவது நம்ம ஆளா வெளியாளா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல அவற்றுக்குக் கைகள் மாதிரி சில ஏற்பிகள் உண்டு. அந்த ஏற்பிகளைச் செய்யும் மரபணுக்கள் கோடிக்கணக்கான வருடங்களில் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் குடும்பமாகப் பெருகியிருக்கின்றன. சில பிரதிகள் புது வேலை கற்றுக்கொண்டன. சில பிரதிகள் எந்த வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீரிலும் தரையிலும் மாறி மாறிக் கிடக்கும் தவளை, இரண்டு இடத்துக் கிருமிகளையும் சமாளிக்க இந்தக் குடும்பத்தை எப்படிப் பெருக்கிக்கொண்டது என்பதுதான் என் கேள்வி.

எனக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. சங்கரன்கோவிலில் பெண் பிறந்தால் கோவில் அம்மன் பெயரான கோமதியைத்தான் வைப்பார்கள், வேறு பெயர் வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். எங்கள் வகுப்பில் ஐந்து கோமதி. ஒருத்தி பாடுவாள், ஒருத்தி ஓடுவாள், ஒருத்தி கணக்கில் நூறு வாங்குவாள், ஒருத்தி மற்ற நாலு பேரையும் டீச்சரிடம் மாட்டிவிடுவாள். ஐந்தாவது கோமதி வருகைப் பதிவேட்டில் மட்டும் இருப்பாள். அது நான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு இனத் தவளை. மேலநீலிதநல்லூர் பக்கத்துக் கரிசலில் மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கும் குண்டுத் தவளை அது. வருடம் முழுவதும் உள்ளேயே இருந்துவிட்டு முதல் பெருமழைக்கு மட்டும் வெளியே வந்து, நாலைந்து நாள் கத்தோ கத்தென்று கத்திக் கல்யாணம் முடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடும். அந்த நாலைந்து நாளைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். எனக்கு அடுத்த வருடம் கிடையாது. ஆராய்ச்சி உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. என் வழிகாட்டிப் பேராசிரியை, நாங்கள் மேடம் என்றே கூப்பிடுகிறவர், கோயம்புத்தூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். "இந்த மழை போச்சுன்னா உங்க தீசிஸ் போச்சுங்க கோமதி" என்று ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது தினமும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மழை பெய்தது. வனத்துறை அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முழங்கால் வரை கரிசல் சேற்றில் நின்று, பன்னிரண்டு தவளைகளிடம் ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டு அவற்றைப் பிடித்த இடத்திலேயே விட்டேன். பாதுகாப்புத் திரவத்தில் கலந்த ரத்தத்தைப் பன்னிரண்டு மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ராக்களில் அடைத்தேன். கால்நடைக் கல்லூரியில் படித்த தோழி கொடுத்த ஸ்ட்ராக்கள் அவை. இளஞ்சிவப்பு நிறம், உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

அடுத்து அவற்றைக் குளிரில் வைக்க வேண்டும். சாதாரணக் குளிர் போதாது, திரவ நைட்ரஜன் வேண்டும். என்னிடம் இருந்த சின்னக் கேன் நாலு நாள்தான் தாங்கும். எனக்கோ இன்னும் இரண்டு வாரம் ஊரில் வேலை. சங்கரன்கோவில் முழுக்கத் தேடினால் திரவ நைட்ரஜன் வைத்திருந்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

முத்தையா அண்ணாச்சி. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர். காளையின் விந்து அடைத்த ஸ்ட்ராக்களை நைட்ரஜன் நிரப்பிய பெரிய கேனில் வீட்டு முன்னறையில் வைத்திருப்பார். யாராவது போன் செய்து மாடு சினைக்குக் கத்துகிறது என்றால் தேவையானதைச் சின்னக் கேனுக்கு மாற்றி பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ராயகிரி வரை அவர் கைக்கு ஒரு பெயர் உண்டு. முத்தையா கை வைத்தால் சினை பிடிக்காமல் போகாது என்பார்கள். அந்தப் பேரைத் தவிர அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லை, அவருக்கு வேறெதுவும் தேவைப்படவும் இல்லை.

அப்பாவுக்குப் பழக்கம் என்பதால் போய்க் கேட்டேன்.

"தவக்களை ரத்தமா?" என்றார். "சரி, வச்சுக்கோ. எனக்கென்ன, நைட்ரஜன் வாரா வாரம் ஊத்தத்தானே செய்யுதேன்."

கேன் மூடியைத் திறந்தார். புகை மாதிரி வெண்ணிற ஆவி வந்தது. உள்ளே நீளக் கைப்பிடி வைத்த ஆறு குவளைகள், இனத்துக்கு ஒன்றாக, வாயைச் சுற்றி வரிசையாகத் தொங்கின.

"ஒண்ணு ஜெர்சி. ரெண்டு ஹெச்.எஃப். மூணு கிர். நாலு சிந்தி. அஞ்சு எருமை. ஆறு சும்மாதான் கெடக்கு, அது உனக்கு."

"லேபிள் ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?"

"எதுக்கு? கைக்குத் தெரியும்லா."

கைக்குத் தெரியுமாம். நான் சிரித்துக்கொண்டேன். (வாய்விட்டு இல்லை. ஆராய்ச்சி மாணவிக்கென்று ஒரு பெருந்தன்மையான உள்சிரிப்பு உண்டு.) ஒரு வாரம் தினமும் போய் ஆறாம் குவளையைத் தூக்கி, என் ஸ்ட்ராக்கள் பத்திரமா என்று பார்த்துவிட்டு வந்தேன். தினமும் அந்த லேபிள் இல்லாத கைப்பிடிகள் என் கண்ணை உறுத்தின.

எட்டாம் நாள் அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வீட்டம்மா "உள்ள போய்ப் பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு சீரியலுக்குத் திரும்பிவிட்டார். நான் கேன் முன்னால் நின்றேன். என்னால் தாங்க முடியவில்லை. கல்வி கற்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தும் ஒரு கேன் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கலாமா?

ஒழுங்குபடுத்தினேன். முக்கியமானது முதலில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கேனிலேயே முக்கியமானது எது? என் தவளை. ஆகவே தவளையை ஒன்றாம் இடத்துக்கு மாற்றினேன். ஒன்றில் இருந்த ஜெர்சியை ஆறாம் இடத்துக்குக் கொண்டுபோனேன். ஆறு கைப்பிடியிலும் லேபிள் ஒட்டினேன். இதையெல்லாம் கட்டம் போட்டு ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கேன் மூடியில் ஒட்டிவிட்டு, அண்ணாச்சி வந்து பார்த்து அசந்துபோவார் என்ற நினைப்பில் வீட்டுக்குப் போய் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அவ்வளவு குளிரில் எந்தப் பசைத்தாள் நிற்கும்? அன்று சாயங்காலத்துக்குள் ஆறு லேபிளும் உதிர்ந்துவிட்டன. மூடியில் ஒட்டிய தாளை அண்ணாச்சி பார்த்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் எனக்காக எழுதி வைத்த குறிப்பு என்று நினைத்து, கிழிந்துபோகாமல் மடித்து மேசை டிராயரில் பத்திரப்படுத்திவிட்டார்.

அப்புறம் எனக்கு வேலை நெருக்கியது. கேன் பக்கம் போகவில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் நாளில் அவசரமாகப் போய் என் சின்னக் கேனைத் திறந்து வைத்துக்கொண்டு குவளையைத் தூக்கி அதிலிருந்த ஸ்ட்ராக்களை மாற்றிக்கொண்டேன். எந்தக் குவளையை? ஆறாவதை. ஒரு வாரம் தினமும் தூக்கிய குவளை. நான் எல்லாவற்றையும் இடம் மாற்றிய விஷயம் எனக்கே மறந்துபோயிருந்தது. கைக்குத் தெரியும் என்று அண்ணாச்சி சொன்னது சரிதான், என் கைக்கும் தெரிந்திருந்தது. பனி மூடியிருந்ததால் ஸ்ட்ராவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை, வெளியே எடுத்துப் பார்த்தால் உருகிவிடும் என்று பயம்.

பல்கலைக்கழகத்தில் ஒரு ஸ்ட்ராவை எடுத்தேன். அதே இளஞ்சிவப்பு. மேலே ஏதோ எண் அச்சடித்திருந்தது. ஸ்ட்ரா தயாரித்த கம்பெனியின் எண்ணாக இருக்கும் என்று தீர்மானித்தேன். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது. ரத்தம் எப்படி வெள்ளையாகும்? பாதுகாப்புத் திரவத்தில் வெளுத்துவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவளிடம் எதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். படிக்காத ஒருவர் அதைப் பார்த்திருந்தால், இது ரத்தமில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார்.

முடிவுகள் வந்தன. தவளையின் ஏற்பி மரபணுக்கள் மற்றத் தவளைகளோடு சேரவேயில்லை. கணினி வரைந்த வம்ச மரத்தில் அவை நேராகப் போய் மாட்டின் கிளையில் உட்கார்ந்திருந்தன. அப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் மாதிரி கலந்துவிட்டதா என்று சந்தேகப்பட வேண்டும். முதல் வருடப் பாடம் அது. எனக்கு அது நினைவுக்கு வரவேயில்லை. கரிசல் தவளையும் கரிசல் மாடும் ஒரே மண்ணில், ஒரே கிருமிகளோடு பல்லாயிரம் வருடம் வாழ்ந்து, தனித்தனியே ஒரே மாதிரிக் கைகளை வளர்த்துக்கொண்டன என்று முழுதாக ஒரு கோட்பாடு என் தலைக்குள் உருவாகிவிட்டது. அதற்குப் பெயர்கூட வைத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், எனக்கும் கொஞ்சம் வெட்கம் மிச்சமிருக்கிறது.

மேடத்திடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தச் சமயம் பார்த்து நான் படித்த சங்கரன்கோவில் கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். மேடத்தையும் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். (எங்கள் ஊர்ப் பிரியாணியைச் சாப்பிட்டுப் பார்க்கலாமே என்பதும் ஒரு காரணம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.) மேடையில் என் சொந்த ஊரில், என் சொந்தக் கல்லூரியில், மேடம் முதன்முதலாகக் கேட்டு வாயடைத்துப் போகட்டும் என்று திட்டம். அந்தத் திட்டம் மட்டும் அப்படியே பலித்தது.

அப்பா முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு முத்தையா அண்ணாச்சி. மகளின் தவளை அவர் வீட்டில்தானே தங்கியிருந்தது என்று அப்பா அழைத்து வந்திருக்கிறார். அண்ணாச்சி முகம் சரியில்லை. நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேசினேன். பதினேழாவது நிமிடத்தில் வம்ச மரம் திரையில் வந்தது. தவளைக் கிளையைக் காட்டினேன், நம் தவளை அங்கே இல்லை. குச்சியை மெதுவாக நகர்த்தி மாட்டுக் கிளைக்குக் கொண்டுவந்து, "நம் ஊர்த் தவளை உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான்" என்றேன். மாணவிகள் கை தட்டினார்கள். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏம்மா கோமதி, ஒரு சந்தேகம்." அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"கேளுங்க அண்ணாச்சி," என்றேன், மிகுந்த பெருந்தன்மையோடு.

"ஆறாம் குவளையில இருந்துதானே நீ எடுத்துட்டுப் போன?"

"ஆமா."

"நீ இங்கிலீசுல ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போனேல்லா? நேத்துதான் எம் மவள்ட்ட குடுத்து வாசிக்கச் சொன்னேன். அதுல ஆறு ஜெர்சின்னும் ஒண்ணு தவக்களைன்னும் போட்டிருக்குன்னு சொல்லுதா. எனக்கு இங்கிலீசு தெரியாது, நீ படிச்ச பிள்ளை, சொல்லு. அது சரியா?"

நான் திரையைப் பார்த்தேன். அங்கே மாட்டுக் கிளையில் உட்கார்ந்திருந்தது மாடுதான். அது தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் குடும்பத்தோடு சௌகரியமாக இருந்தது.

மேடம்தான் முதலில் பேசினார். "அப்படின்னா, நீங்க இத்தனை நாளா ஒண்ணாம் குவளையில இருந்து எடுத்தது?"

அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "கரிவலத்துல மூணு மாடு," என்றார் மெதுவாக. "மூணும் சினை பிடிக்காம இருபத்தோராம் நாளு திரும்பக் கத்துது. ரெண்டும் ஒரே நெறம், பனி வேற மூடியிருக்குன்னு நான் எழுத்தப் பாக்கல. என் கை போயிட்டுன்னு ஊரு பூரா பேசுது. நானும் அப்படித்தான் நெனச்சேன் மக்கா."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பின்வரிசையில் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கல்லூரி முதல்வர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஒரு மாணவி நிஜமாகவே கை தூக்கி, "மேம், அப்போ இது தவளையோட ஜீன் இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. தீசிஸ் போனதற்காகக் கூட இல்லை. ஒரு மாதமாக அந்த மனிதர் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார், அதற்குக் காரணம் என் லேபிள். அதுதான் தாங்க முடியவில்லை.

மேடம் எழுந்தார். "பிரியாணி அப்புறம்," என்றார். "முதல்ல அந்த மாடுகளைப் பார்க்கணும்."

கால்நடை மருத்துவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கரிவலம் போனோம். மூன்று மாட்டையும் அவர் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்றார். மூன்றில் ஒன்று வேலம்மாள் அக்காவுடையது. அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் அவர் குடும்பம் ஓடியது. நடந்ததை அண்ணாச்சி சொல்லச் சொல்ல, அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பம் எம் மாட்டுக்குத் தவக்களை பொறக்குமா?"

"பிறக்காதுக்கா. அது வெறும் ரத்தம். ஒண்ணும் ஆகாது."

"உள்ள போன ரத்தம் என்னாவும்?"

இது என் துறை. என்னை அறியாமல் நிமிர்ந்து நின்றேன். "மாட்டோட உடம்புலேயே காவல்காரச் செல்கள் இருக்குக்கா. இது நம்ம ஆளு இல்ல, வெளியாளுன்னு தொட்டுப் பாத்ததும் கண்டுபுடிச்சு வெளிய தள்ளிரும்."

அக்கா மாட்டின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "எம் மாடு கண்டுபுடிச்சிருச்சு. நீ இம்புட்டு படிச்சும் கண்டுபுடிக்கலியேட்டி?"

மேடம் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் ஆராய்ச்சிக் குழுவில் அவரிடம் நான் வாங்கியிருக்கிற ஆயிரம் திருத்தங்களைவிட அந்த ஒரு கேள்வி மேல் என்று பிறகு சொன்னார். அவர் சொன்னது எனக்குப் பாராட்டு இல்லை என்பது தெரியும்.

தவளையின் கதி என்ன என்று கேட்கலாம். பன்னிரண்டு ஸ்ட்ராவில் மூன்று மாடுகளுக்குப் போயின. மீதி ஒன்பதும் ஒன்றாம் குவளையில் அண்ணாச்சி வாரா வாரம் ஊற்றிய நைட்ரஜனில் அலுங்காமல் இருந்தன. அவரே பொட்டலம் கட்டுவது போலப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை தவளை, தவளைக் கிளையிலேயே உட்கார்ந்தது. தீசிஸ் பிழைத்தது. மாட்டுக்கும் தவளைக்கும் ஒரு உறவும் இல்லை என்று அதில் நான் எழுதவில்லை, அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நன்றியுரையில் மேடத்துக்கு அடுத்தபடி அண்ணாச்சி பெயரையும், அதற்கு அடுத்து கரிவலத்து மூன்று மாடுகளையும் போட்டேன்.

அம்மா மட்டும் சமாதானம் ஆகவில்லை. ஜீவராசி சம்பந்தமான குற்றம் என்று சொல்லி, எங்கள் ஊர் வழக்கப்படி கோவில் வாசல் கடையில் அந்த ஜீவனின் தகட்டு உருவத்தை வாங்கி அம்மனுக்குக் காணிக்கை போடப் போனார். கடையில் பாம்பு இருந்தது, தேள் இருந்தது, பல்லி இருந்தது. தவளை இல்லை. கடைக்காரர் தேடிப் பார்த்துவிட்டு, "பல்லிய வச்சுக்கோங்கம்மா, அம்மன் புரிஞ்சுக்குவா," என்றாராம். அம்மா அதற்கு, "வேண்டாம்ப்பா, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண வச்சதுலதான் இம்புட்டும் வந்துச்சு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்த பருவத்தில் அண்ணாச்சி போட்ட ஊசி மூன்று மாட்டுக்கும் பிடித்தது. அவர் கைக்குப் பேரும் திரும்பியது. வேலம்மாள் அக்கா மாடு ஒரு கிடாரிக்கன்று போட்டது. அசல் ஜெர்சிக் கலப்புக் கன்று. ஆனால் பிறந்த மூன்றாம் நாளே வேலியைத் தாண்டிக் குதித்தது என்று அக்கா அதற்குத் தவக்களை என்று பெயர் வைத்துவிட்டார். கன்றுக்குட்டி என்றால் குதிக்கத்தான் செய்யும் என்று நான் அறிவியல்பூர்வமாக விளக்கினேன். கரிவலத்தில் என் அறிவியலைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எனக்கு எதையும் இடம் மாற்றி வைக்க அனுமதி கிடையாது. நான் லீவில் போய் அடுக்களைப் பக்கம் ஒதுங்கினால் போதும், அம்மா மிளகாய்ப்பொடி டப்பாவின் மேல் கையை வைத்துக்கொள்வார். நான் இப்போது பெங்களூரில் ஒரு கல்லூரியில் உயிரியல் நடத்துகிறேன். மாதிரிகளுக்கு எப்படிப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று முதல் வருட மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்கிறேன். ஏன் அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டு எடுக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"கோமதி, நல்லா இருக்கியா? நம்ம தவக்களை பருவத்துக்கு வந்துட்டு. ஊசி போடக் கெளம்பிக்கிட்டு இருக்கேன். அதான் ஒன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவம்னு."

இத்தனை வருடம் கழித்து, என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே.

"கேளுங்க அண்ணாச்சி."

"இப்பம் நீ சங்கரன்கோவில்லயா இருக்க?"

"இல்ல அண்ணாச்சி, பெங்களூர்ல இருக்கேன்."

"அப்பம் சரி," என்றார். "பயமில்லாமப் போடலாம்."